நாய்கள் இடப்பக்கம் திரும்பிய சனிக்கிழமை

என் அக்கா ஹில்காவுக்கு நாய்களையே பிடிக்காது. அதிலும் என் வண்டியின் முன்நாய் முஸ்தியைக் கண்டால் ஆகவே ஆகாது. காரணம், அவள் ராப்பகலாக உட்கார்ந்து எனக்குப் பின்னிக் கொடுக்கிற கம்பளிக் காலுறைகள் ஜோடி ஜோடியாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. "எங்கடா போச்சு?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் நான், "முஸ்தி தின்னுடுச்சுக்கா" என்று சொல்லிவைத்திருந்தேன். வாயில்லா ஜீவன், மறுத்துப் பேசவா போகிறது? அக்காவும் அதைப் பார்க்கும்போதெல்லாம் "கம்பளி தின்னிக் கழுதை" என்று வைதுவிட்டுப் போவாள். அது வாலை ஆட்டும்.

உண்மையில் அந்தக் காலுறைகள் ஏரிக்கு அந்தப் பக்கம், தைமி வீட்டு நீராவிக் குளியலறையான சவுனாவில், வாசல் அறைக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தன. நாய்களுக்கு மீன் வாங்குகிற சாக்கில் தைமி வீட்டுக்குப் போக ஆரம்பித்தவன் நான். சனிக்கிழமை தோறும் அவள் சவுனாவைச் சூடாக்கி வைத்திருப்பாள். சூடான கல்லில் தண்ணீர் ஊற்றி, வியர்த்து, வெளியே வந்து காப்பி குடித்து, காலுறையை மறந்துவிட்டு வீடு திரும்புவேன். மனசு நிறைந்த மனுஷனுக்குக் கால் ஞாபகம் எங்கே இருக்கும்?

இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அக்காவுக்கும் தைமிக்கும் ஆகாது. ஒரு காலத்தில் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகிதிகள். அக்காவின் பிறந்தநாளுக்கு ஊர்ப் பெண்கள் எல்லாம் எங்கள் சவுனாவில் கூடியிருந்தபோது, தைமி சூடு அதிகமாக இருக்கிற மேல்பலகையில் உட்கார்ந்துகொண்டு, "வெதுவெதுன்னு சுகமா இருக்குடி ஹில்கா" என்றாளாம். எங்கள் பக்கத்தில் ஒருவன் பிள்ளையை அவலட்சணம் என்று சொல்லலாம், அவன் படகு ஓட்டை என்று சொல்லலாம், பொறுத்துக்கொள்வான். சவுனா வெதுவெதுப்பு என்று சொன்னால் தீர்ந்தது. அதோடு சவுனாவுக்குள் தேவாலயத்தில் இருப்பதுபோல் இருக்கவேண்டும், சண்டை கூடாது. அதனால் அக்கா அங்கேயே பதில் சொல்ல முடியாமல் கோபத்தை விழுங்கிவிட்டாள். அன்று உள்ளே போன கோபம் பல வருஷமாகியும் வெளியே வரவில்லை. தைமி பேரைச் சொன்னால் எங்கள் வீட்டில் பால் திரிந்துவிடும்.

போன சனிக்கிழமை தைமி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "இங்க பாரு இல்மாரி. உன்னைக் கட்டிக்க நான் தயார். ஆனா திருட்டுப் பூனை மாதிரி வந்து போற ஆளு எனக்கு வேண்டாம். அடுத்த சனிக்கிழமைக்குள்ள உங்க அக்காகிட்ட உன் வாயால சொல்லு. சொல்லாம வந்தே, சாக்ஸையெல்லாம் மூட்டை கட்டி வெளிய வீசிடுவேன். நீயும் அந்த மூட்டையோட போயிடலாம்."

அவள் சொன்னால் சொன்னதுதான். எனக்கோ வயது ஐம்பதை நெருங்குகிறது, கரடியின் காலடித் தடத்தைப் பார்த்தும் திரும்பி ஓடாதவன், ஆனால் அக்கா முன்னால் நின்றால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் அப்பா அம்மா போனபிறகு இருவருமாகத்தான் இந்தத் தொழிலை நடத்துகிறோம். குளிர்காலத்தில் வருகிறவர்களுக்கு மூன்று நாள் சாகச விடுமுறை: அவள் சமைப்பாள், நான் நாய்கள் இழுக்கிற பனிச்சறுக்கு வண்டியை ஓட்டுவேன். அவளை விட்டுப் போகிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

அந்த வாரம் வந்திருந்தவர் யோஸ்ட் என்கிற ஹாலந்துக்காரர், பல் வைத்தியர். அவருடைய மனைவி, "எப்பப் பார்த்தாலும் அடுத்தவன் வாய்க்குள்ளயே எட்டிப் பார்த்துக்கிட்டு இருக்கீங்க, போய் உலகத்தைப் பாருங்க" என்று பணம் கட்டி அனுப்பிவைத்திருந்தாள். மனுஷர் ஆபத்துக்கு ஏங்கிப் போய் வந்திருந்தார். முதல் நாள் ஏரியில் துளை போட்டு மீன் பிடித்தோம். சுண்டுவிரல் நீளத்தில் ஒன்று கிடைத்தது. "பனிக்கட்டி உடையுமா?" என்று கேட்டார். லாரியே போகும் என்றேன். முகம் வாடிவிட்டது. இரண்டாம் நாள் காட்டுக்குள் நடந்தோம். "கரடி வருமா?" தூங்குகிறது என்றேன். "ஓநாய்?" எனக்கே பாவமாக இருந்தது. எங்கள் வடதுருவத்து வானத்தில் இரவில் ஆடுகிற பச்சை வெளிச்சமாவது வந்து தொலைத்திருக்கலாம், மேகம் மூடிக்கொண்டு அதுவும் இல்லை.

"இல்மாரி, ஊருக்குப் போய்ச் சொல்றதுக்கு எனக்கு ஒரு கதை கூட இல்லையே" என்றார் அரைகுறை இங்கிலீஷில். என்னுடையதும் அரைகுறைதான், அதனால் நன்றாகவே புரிந்துகொண்டோம்.

மூன்றாம் நாள், சனிக்கிழமை. காலையில் அக்காவிடம் சொல்லியே தீருவது என்று சமையலறைக்குப் போனேன். அவள் பனிமான் இறைச்சிக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். "அக்கா" என்றேன். "என்னடா?" என்று கரண்டியோடு திரும்பினாள். "உப்பு இருக்கா?" என்று கேட்டேன். "இருக்கு." வெளியே வந்து என்னை நானே திட்டிக்கொண்டு மறுபடியும் போனேன். "அக்கா." "என்னடா?" "குழம்புக்கு உப்புப் போட்டாச்சா?"

"உனக்கு இன்னிக்கு என்ன கேடு? உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அந்தக் கை வேறு அன்பாக இருந்து தொலைத்தது. எப்படிச் சொல்வேன்?

சரி, இந்தச் சனிக்கிழமை தைமி வீட்டுப் பக்கமே தலைகாட்டாமல் இருந்துவிட்டு, அப்புறம் எப்படியாவது காலில் விழுந்து தவணை வாங்கிக்கொள்ளலாம் என்று கோழைத்தனமாக ஒரு முடிவுக்கு வந்து நாய்களைப் பூட்டப் போனேன். அப்போதுதான் தலையில் இடி விழுந்தது. மத்தியானம் விருந்தாளிகளுக்குச் சாப்பாடு போடுகிற காட்டுக் குடிசைக்கு அக்கா எப்போதும் தன் பனி ஸ்கூட்டரில் முன்னாலேயே போய் அடுப்பு மூட்டிவைப்பாள். அன்று பார்த்து ஸ்கூட்டர் கிளம்பவில்லை.

"நான் உன் வண்டியிலேயே உட்கார்ந்து வந்துடறேன்" என்றாள், குழம்புப் பானையைத் தூக்கிக்கொண்டு.

ஏரியின் நடுவில் பாதை பிரியும். வலப்பக்கம் போனால் குடிசை, இடப்பக்கம் போனால் தைமி வீடு. சனிக்கிழமை என்றால் முஸ்தி என்னைக் கேட்காமலே இடப்பக்கம் திரும்பும். தைமி ஒவ்வொரு நாய்க்கும் ஒரு காய்ந்த மீன் போடுவாளே! நான் அவசர அவசரமாக முஸ்தியைக் கழற்றிக் கடைசி வரிசையில் பூட்டிவிட்டு, ஹல்லா என்கிற சாதுவான பெண்நாயை முன்னால் பூட்டினேன். முன்னால் ஓடுகிற நாய்தானே வழி பார்க்கும், பின்னால் ஓடுகிற நாய் முன்நாயின் வாலைத் தவிர வேறு எதைப் பார்க்கப்போகிறது என்று நினைத்தேன்.

"என்னடா அந்தக் கழுதையைப் பின்னாடி போட்டுட்டே?" என்றாள் அக்கா.

"அதுக்குப் பல் வலிக்குதுக்கா."

இதை யோஸ்டுக்காக நான் இங்கிலீஷில் வேறு சொல்லித் தொலைத்தேன். பல் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவர் கையுறையைக் கழற்றிவிட்டார். முஸ்தியின் முன்னால் மண்டியிட்டு, அதன் வாயைப் பிளந்து, தலையிலே கட்டியிருந்த விளக்கை எரியவிட்டு ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார். முஸ்தி சந்தோஷமாக அவர் மூக்கை நக்கியது.

"இல்மாரி, இவ்வளவு அருமையான பல்லை நான் மனுஷங்ககிட்ட கூட பார்த்ததில்லை. ஒரு குறையும் இல்ல!"

"உள்ளுக்குள்ள வலி போலிருக்கு" என்றேன்.

அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, வண்டியில் ஏறிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, பானையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் ஓட்டுகிறவன் நிற்கிற பின்கட்டையில் நின்றுகொண்டேன். யோஸ்ட் தனக்கென்று கொடுத்த நான்கு நாய் வண்டியில் பின்தொடர்ந்தார். எங்கள் மத்தியான வெளிச்சம் என்பது ஏதோ நீலம் கரைத்துவிட்ட மாதிரி கொஞ்ச நேரம் இருக்கும். அந்த வெளிச்சத்தில் ஏரி பளபளவென்று கிடந்தது. நான் பாதை பிரியும் இடத்தையே நினைத்துக்கொண்டு, தெரிந்த ஜெபங்களையெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன்.

இடம் வந்தது. "வலது! வலது!" என்று கத்தினேன். ஹல்லா ஒரு கணம் தயங்கியது. பின்னாலிருந்து முஸ்தி ஒரே ஒரு குரைப்புக் குரைத்தது. அவ்வளவுதான், ஆறு நாய்களும் பேசிவைத்துக்கொண்டதுபோல இடப்பக்கம் திரும்பின. வழி தெரிந்தது முஸ்திக்கு மட்டும் என்று நான் நினைத்திருந்தேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மீன் தின்ற வாய் ஆறு அல்லவா?

"டேய், எங்க போகுது? குடிசை அந்தப் பக்கம்!" என்றாள் அக்கா.

"தெரியும்க்கா, தெரியும்க்கா" என்று முழு பலத்தோடு பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது. நங்கூரம் மாதிரி பனிக்குள் இறக்குகிற இரும்புக் கொக்கியை எடுத்து மிதித்து அழுத்திவிட்டு, ஹல்லாவின் கழுத்துப் பட்டையைப் பிடித்துத் திருப்பலாம் என்று இறங்கி ஓடினேன். நாய்வண்டி ஓட்டுகிறவனுக்கு முதல் பாடம், வண்டியை விடாதே. விருந்தாளிகள் ஒவ்வொருவருக்கும் நான் விரலை ஆட்டி ஆட்டிச் சொல்வதும் அதுதான். அன்று பதற்றத்தில் கொக்கியை இறக்கிய இடம் முந்தின நாள் விழுந்த மாவுப் பனி. அது எதைப் பிடிக்கும்? நான் முன்பக்கம் போய்ச் சேருவதற்குள் கொக்கி பிடுங்கிக்கொண்டு, நாய்கள் என்னை இடித்துத் தள்ளிவிட்டுப் பறந்தன. விழுந்து கிடந்தபடியே பார்த்தேன். என் அக்கா பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தைமி வீட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

"இல்மாரீ! நாசமாப் போறவனே!" என்ற சத்தம் தேய்ந்து தேய்ந்து மறைந்தது.

யோஸ்ட் வந்து நின்றார். "இது ஆபத்தா?" என்று கேட்டார். கண்ணெல்லாம் பிரகாசம்.

"எனக்கு மட்டும் ஆபத்து" என்று சொல்லி அவர் வண்டியில் தொற்றிக்கொண்டேன். "விடுங்க! துரத்துங்க!" மனுஷர் பிறந்ததே அதற்காகத்தான் என்பதுபோல் ஒரு கூச்சல் போட்டார் பாருங்கள், நான்கு நாய்களும் பயந்தே ஓடின.

தைமி வீட்டு முற்றத்தில் என் வண்டி கவிழ்ந்து கிடந்தது. பானை ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம். நாய்கள் ஆறும் வயிறு முட்டிப் படுத்திருந்தன; முகமெல்லாம் குழம்பு. அக்காவைக் காணோம். பனியில் ஆள் விழுந்து புரண்ட தடமும், அங்கிருந்து இரண்டு ஜோடிக் காலடிகள் சவுனாவுக்குப் போன தடமும் இருந்தன. தைமி அப்புறம் சொன்னதுதான்: நாய்ச் சத்தம் கேட்டு, 'ஆஹா, சொல்லிவிட்டு வந்துவிட்டான்' என்று மலர்ந்த முகத்தோடு கதவைத் திறந்திருக்கிறாள். எதிரே என் அக்கா தலையிலிருந்து கால்வரை குழம்பாக உட்கார்ந்திருக்க, ஆறு நாய்களும் அவளை நக்கிக்கொண்டிருந்தனவாம். குளிரில் நனைந்து வந்தவர் பரம விரோதியாக இருந்தாலும் கேள்வி கேட்காமல் சவுனாவுக்கு அழைத்துப் போக வேண்டும், அது எங்கள் ஊர் முறை. தைமி கேட்கவில்லை. அக்காவும் பல் கிடுகிடுத்ததால் மறுக்கவில்லை.

நானும் யோஸ்டும் சவுனா வெளித்திண்டில் உட்கார்ந்தோம். உள்ளே இருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று கல்லில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் வந்தது; ஊற்ற ஊற்ற உள்ளே சூடு ஏறும்.

"இன்னும் ஊத்தவா?" இது தைமி.

"ஊத்தேன். உனக்குக் குளிருதுன்னா."

ஸ்ஸ்ஸ்.

"கீழ்ப்பலகைக்கு வேணா இறங்கி உக்காரு ஹில்கா. வயசாயிடுச்சுல்ல."

"எனக்கென்ன? நீ வேணா இறங்கு. தண்ணிக் கரண்டியை இங்க குடு."

ஸ்ஸ்ஸ்! ஸ்ஸ்ஸ்! கதவிடுக்கில் ஆவி பொங்கி வந்தது. யோஸ்ட் பயந்துபோய், "உள்ள என்ன நடக்குது?" என்றார். "ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருக்காங்க" என்றேன். சனிக்கிழமை வந்துவிட்டது, நான் வந்தும் விட்டேன், ஆனால் சொல்லவில்லை. வாசல் அறையில் என் காலுறைகள் வரிசையாகத் தொங்குகின்றன. அக்கா குருடி இல்லை.

கதவு திறந்தது. சூடு தாங்காமல் முதலில் தைமிதான் வந்தாள், பீட்ரூட் நிறத்தில், ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு. நேராகப் போய்ப் பனியில் பொத்தென்று உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். என்னைப் பார்த்தாள். "சொன்னியா?" என்று கண்ணாலேயே கேட்டாள். நான் குனிந்துகொண்டேன். அவள் முகம் செத்துவிட்டது. இதைப் பார்க்கிறதுக்கு ஏரி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

பின்னால் அக்கா வந்தாள். தைமியின் மேலங்கியை மாட்டிக்கொண்டு, மகாராணி மாதிரி. காலைப் பார்த்தேன். சாம்பல் நிறம், சிவப்புக் கரை, குதிகாலில் இரட்டைப் பின்னல். என் காலுறைகளைப் போட்டிருந்தாள்.

"உள்ள இன்னும் ஒரு கொடி நிறைய தொங்குது" என்றாள் அமைதியாக. அக்கா கத்தினால் பயமில்லை, அமைதியாகப் பேசினால்தான் எனக்குக் கை கால் ஓடாது. "இல்மாரி, ஏதாவது சொல்றியா?"

"அதான் பார்த்துட்டியேக்கா..."

"சாக்ஸ் சொன்னா செல்லாது" என்றாள் தைமி பனியிலிருந்து. "அவன் வாயால சொல்லட்டும். இல்லேன்னா எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போகட்டும்."

இரண்டு பெண்கள், பத்து நாய்கள், ஒரு பல் வைத்தியர், எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். வாரம் பூராவும் எத்தனை அழகான வசனங்கள் யோசித்துவைத்திருந்தேன்! கடைசியில் வாயில் வந்தது வேறு.

"முஸ்தி தின்னலைக்கா."

"அப்புறம்?"

"எந்த சாக்ஸையும் தின்னலை. நான்தான்... ஒவ்வொரு சனிக்கிழமையும்... அக்கா, நான் தைமியைக் கட்டிக்கப்போறேன். இங்க வந்து இருக்கப்போறேன். நீ கோச்சுக்கிட்டாலும் சரி." சொல்லிவிட்டேன்! எனக்கே நம்ப முடியவில்லை. நெஞ்சிலிருந்து பானை அளவு பாரம் இறங்கிவிட்டது.

அக்கா ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அப்ப என் வீட்டுக்கு யாரு விறகு பிளப்பா?" என்றாள். குரல் உடைந்திருந்தது. அவள் கேட்டது விறகைப் பற்றி இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"நான்தான்க்கா. தினமும் வருவேன். ஏரிக்கு அந்தப் பக்கம்தானே. வண்டியும் நாயும் தொழிலும் அப்படியேதான்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தைமி பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுடி. இப்பவாவது உண்மையைச் சொல்லு. அன்னிக்கு என் சவுனா எப்படி இருந்துச்சு?"

தைமி ஒரு பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம். என் வாழ்க்கையே அந்த ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவளா சொல்வாள்! "வெதுவெதுப்பாத்தான் இருந்துச்சு, ஹில்கா."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எனக்குத் தெரியாதாடி?" என்றாள் அக்கா. "விறகு ஈரம். காலையிலேர்ந்து ஊதி ஊதி என் கண்ணே போச்சு. வெதுவெதுப்புன்னு எனக்கே தெரியும். அதை ஊர்ப் பொம்பளைங்க அத்தனை பேர் முன்னாடியும் சொல்லணுமா? நீ என் சிநேகிதிதானே!"

தைமி எழுந்து வந்தாள். "தப்புதான்" என்றாள். "அன்னிக்கே நீ என் தலையில தண்ணி வாளியைக் கவுத்திருந்தா முடிஞ்சிருக்கும். இத்தனை வருஷம் வீணாப் போச்சே பாவி" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

யோஸ்ட் மெதுவாக என் காதில், "இதெல்லாம் மூணு நாள் விடுமுறைத் திட்டத்துல உண்டா?" என்று கேட்டார்.

"உண்டு, உண்டு. வர்ற எல்லாருக்கும் உண்டு" என்றாள் அக்கா. அவளுக்கு இங்கிலீஷ் புரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

குழம்பை நாய்கள் தின்றுவிட்டதால் தைமி வீட்டு மீன் சூப்பைக் குடித்தோம். சாப்பிட்டு முடித்து, தைமியின் பழைய உடுப்பை மாட்டிக்கொண்டு, அக்கா வெளியே வந்து முஸ்தியின் முன்னால் குனிந்து அதன் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கடா ராசா. திருடனைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு உன்னைப் போய் வைதேனே" என்றாள். முஸ்தி அவள் கன்னத்தில் குழம்பு மிச்சமிருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தது.

அவளே முஸ்தியை முன்வரிசையில் பூட்டினாள். நான் பின்கட்டையில் ஏறப்போனேன். "நீ எங்கடா வர்றே?" என்றாள். "இறங்கு. வாயால சொல்லிட்டேல்ல, அப்புறம் என்ன? திங்கட்கிழமை விறகு பிளக்க வா. காய்ஞ்ச விறகா இருக்கணும். வர்ற சனிக்கிழமை ரெண்டு பேரும் என் சவுனாவுக்கு வர்றீங்க. எவ முதல்ல வெளிய ஓடறான்னு பார்க்கறேன்."

பின்கட்டையில் ஏறி நின்று, "வீட்டுக்கு!" என்று ஒரே ஒரு சொல் சொன்னாள். நான் வருஷக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்தியும் கேட்காத நாய்கள் மறுபேச்சுப் பேசாமல் கிளம்பின. யோஸ்ட் கையை ஆட்டிக்கொண்டே பின்னால் போனார். இருட்டில் அவர் தலைவிளக்கு ஏரி நடுவே சின்னப் புள்ளியாகிற வரைக்கும் நான் முற்றத்தில் நின்றேன். என் காலுறையை மட்டும் அக்கா கழற்றிக் கொடுக்கவில்லை. காலில் போட்டுக்கொண்டே போய்விட்டாள்.

"உள்ள வா" என்றாள் தைமி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு. "காப்பி ஆறுது."